ஆப்பிரிக்கா சஃபாரிக்கு எந்த சீசன் பெஸ்ட்? மே லீவுல கென்யா போலாமா?

மேடவாக்கம்_ரகு:

வணக்கம் மக்களே. ரொம்ப வருஷமா தள்ளிப் போட்டுட்டே வந்தது, அடுத்த வருஷம் எப்படியாவது ஆப்பிரிக்கா போயி சிங்கத்தையும் யானையையும் காட்டுலயே பாத்துடணும்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம். நான், வொய்ஃப், ஏழாவது படிக்கிற பொண்ணு, அப்புறம் அப்பா (68 வயசு, சுகர் இருக்கு, ஆனா தினமும் வாக்கிங் போறவரு).

லீவு தான் பிரச்சனை. முழு பரீட்சை முடிஞ்சா மே முழுக்க ஃப்ரீ, அத விட்டா காலாண்டு லீவு ஒரு வாரம், அரையாண்டு லீவு ஒரு பத்து நாள், பொங்கலுக்கு நாலு நாள், அவ்ளோதான். அதனால மே தான் வசதின்னு டி.நகர்ல ஒரு டிராவல்ஸ்ல போயி கேட்டேன், மே மாசம் கென்யா பேக்கேஜ் சீசன் ரேட்ல கிட்டத்தட்ட பாதிக்கு தர்றேங்கறாங்க. மழை இருக்குமாமேன்னு கேட்டா "லேசா தூறும் சார், மிருகம் எங்க சார் போயிடும், எப்பப் போனாலும் அங்கயே தான இருக்கும்"னு சொல்றாரு அந்த தம்பி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதி ரேட்டுன்னதும் எங்கயோ இடிக்குது. போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க, அட்வான்ஸ் இன்னும் கட்டல. அப்புறம் அந்த டிவில காட்டுவாங்களே, மாடு மாதிரி இருக்கிறது கூட்டம் கூட்டமா ஆத்துல குதிக்கும், முதலை கவ்வும், அது எந்த மாசம்? அதுக்குன்னே போறது வொர்த்தா?

ஜங்கிள்_ஜகன்:

அட்வான்ஸ் கட்டிடாதீங்க ப்ரோ.

கென்யா, டான்சானியா ரெண்டுலயும் மார்ச்ல இருந்து மே வரைக்கும் பெரிய மழை. நவம்பர், டிசம்பர் ஆரம்பத்துல ஒரு சின்ன மழை. நம்ம கோடை லீவு கரெக்டா அந்த பெரிய மழைல போயி விழுது, அதான் பாதி ரேட்டு, வேற மர்மம் ஒண்ணும் இல்ல. பல கேம்ப்பு (காட்டுல தங்குற இடம்) ஏப்ரல் மே மாசத்துல பூட்டிட்டு ரிப்பேர் வேலை பாப்பாங்க, திறந்திருக்கிறவங்க வர்ற ஆளுக்கு ரேட்ட குறைச்சு தருவாங்க.

தூறலும் இல்ல. கென்யால சஃபாரி போற பெரிய காடு மசாய் மாரா, அந்த மண்ணு நம்ம கோவில்பட்டி பக்கம் இருக்கிற மாதிரி கரிசல் மண்ணு, நல்லா நனைஞ்சா லேண்ட் குரூசரே மாட்டிக்கும், அப்புறம் இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கணும். 2024 ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்துல தாலெக் ஆறு பொங்கி கேம்ப்புக்குள்ள தண்ணி பூந்து டூரிஸ்டுகள ஹெலிகாப்டர்ல தூக்கினாங்க, நியூஸ்ல வந்துச்சு. எல்லா வருஷமும் அப்படி ஆகாது, நிறைய நாள் சாயந்திரம் ஒரு அடி அடிச்சிட்டு காலைல வெயில் வந்துடும், ஆனா ரோடு காயாதே.

மிருகம் எங்க போயிடும்னு கேட்டாராமே, அதுக்கும் பதில் சொல்லிடுறேன், போயிடும் தான்! நீங்க கேக்குற அந்த மாடு மாதிரி இருக்கிறது பேரு வைல்டபீஸ்ட். பத்து லட்சத்துக்கு மேல இருக்கு, கூடவே லட்சக்கணக்குல வரிக்குதிரை. மழை எங்க பேயுதோ, புல்லு எங்க முளைக்குதோ அங்க வருஷம் பூரா சுத்திட்டே இருக்கும். மே மாசம் அதுங்க டான்சானியால செரங்கெட்டி பார்க்கோட நடுவுலயும் மேற்குலயும் நடந்துட்டு இருக்கும், மாராவுக்கு ஜூலைல தான் வரும். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஊர்லயே இருக்கிற பார்ட்டி, அது வாஸ்தவம், ஆனா மழைக்கு புல்லு ஆளுயரம் வளந்து நிக்கும், எல்லா இடத்துலயும் குட்டை குட்டையா தண்ணி, அப்ப எதுக்கு அதுங்க ஒரே இடத்துக்கு வரணும்? முதுமலைல மார்ச்ல போறதுக்கும் தீபாவளிக்கு போறதுக்கும் இருக்கிற வித்தியாசம் தான் இது. இலை உதிர்ந்து குட்டை வத்தினா தான் எல்லாம் கண்ணுல படும்.

மயிலை_கல்யாணி:

ரகு, நாங்க காலாண்டு லீவுல தான் போனோம், செப்டம்பர் கடைசில கிளம்பி ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திரும்பினோம். ஸ்கூல் பசங்க வெச்சிருக்கிறவங்களுக்கு மாராவுக்கு அந்த வாரத்த விட்டா வேற நேரம் இல்லன்னு தான் சொல்வேன். ஆத்த தாண்டுறது ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் நடக்கும், மாரா ஆறு. ஜூலை ஆகஸ்ட்ல ஐரோப்பாக்காரங்க லீவு, கூட்டம் அலைமோதும், செப்டம்பர் கடைசில கொஞ்சம் அடங்கிடும்.

ஆனா ஒண்ணு, டிவில அஞ்சு நிமிஷத்துல காட்டுறத நேர்ல பாக்க அரை நாள் உக்காரணும். எங்க டிரைவர் காலைல எட்டு மணிக்கே ஒரு மேட்டு மேல வண்டிய நிறுத்திட்டார். எதிர்க்கரைல கறுப்பா கூட்டம் சேந்துட்டே இருக்கு, ஒரே மே மேன்னு முனகல், புழுதி. முன்னாடி நிக்கிறது ஒண்ணு கீழ இறங்கி தண்ணிய மோந்து பாக்கும், நாங்க எல்லாரும் கேமராவ தூக்குவோம், ஒரு வரிக்குதிரை மிரண்டு ஓடும், உடனே மொத்த கூட்டமும் பின்னாடி போயிடும். இப்படியே நாலு தடவ. வீட்டுக்காரர் தூங்கியே போயிட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவ திறக்கிற நேரத்துல ஒண்ணு குதிச்சுது பாருங்க, அதுக்கப்புறம் அணை உடைஞ்ச மாதிரி தான், ஒண்ணு மேல ஒண்ணு விழுது, சின்னது ஒண்ணு அம்மாவ விட்டுட்டு இந்த கரைக்கு வந்து நின்னு கத்துது, அம்மாக்காரி திரும்பவும் தண்ணில இறங்கப் பாக்குறா. என் பையன் கேமராவ கீழ வெச்சுட்டு சும்மா பாத்துட்டு இருந்தான். அன்னிக்கு முதலை கண்ணுலயே படல, எனக்கு அதுவே நிம்மதியா இருந்துது.

செலவு தெரிஞ்சுக்கோங்க. மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டு பெரியவங்களுக்கு ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் நாளைக்கு 100 டாலர், ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் 200 டாலர். ஒரு நாள்னா 24 மணி நேரம் இல்ல, காலை ஆறுல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் தான் கணக்கு. பேக்கேஜ்ல இது சேந்திருக்கான்னு எழுத்துல வாங்குங்க, பசங்களுக்கு தனி ரேட்டு. ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும், மாரா உயரமான இடம், விடிகாலைல 12, 13 டிகிரி தான், மேல திறந்த வண்டில போனா காது மரத்துடும்.

லென்ஸ்_பாபு:

கல்யாணி அக்கா சொன்னது கேக்க ஆசையாத்தான் இருக்கு, ஆனா எல்லாரும் இந்த ஆறு தாண்டுறத மட்டுமே புடிச்சிட்டு தொங்குறது எனக்கு ஒத்துக்கல. நாப்பது அம்பது வண்டி கரைல முட்டிட்டு நிக்கும், மிருகம் இறங்குற பாதையையே சில டிரைவர் மறிச்சிடுவான். அதுவும் நடக்கும்னு ஒரு கேரண்டி கிடையாது, மூணு நாள் காத்திருந்து ஒண்ணும் பாக்காம வந்தவங்க இருக்காங்க.

என்னைக் கேட்டா பிப்ரவரி. டான்சானியா, செரங்கெட்டிக்கு தெக்க என்டுட்டுன்னு ஒரு ஏரியா. வைல்டபீஸ்ட் மொத்தமும் அப்ப அங்க தான் இருக்கும், எல்லாம் ஒரே நேரத்துல குட்டி போடும், ரெண்டு மூணு வாரத்துக்குள்ள லட்சக்கணக்குல. ஏன் அங்கன்னா பழைய எரிமலை சாம்பல் படிஞ்ச மண்ணு, அந்த குட்டைப் புல்லுல கால்சியம் பாஸ்பரஸ் எல்லாம் ஜாஸ்தி, பால் குடுக்கிற தாய்க்கு அது தேவை. குட்டி விழுந்த சில நிமிஷத்துல எழுந்து நிக்கும், கால் நாலும் நாலு பக்கம் போகும், விழும், மறுபடி எழும், கொஞ்ச நேரத்துல அம்மா கூட ஓடவே ஆரம்பிச்சிடும். ஓடலன்னா கழுதைப்புலி வந்துடும். சீட்டா பாக்கணும்னா இத விட நல்ல இடம் நான் பாத்ததில்ல, புல்லு முழங்கால் கூட இல்ல, அரை மைல் தள்ளி இருக்கிறதே தெரியும். போட்டோ எடுக்கிறவங்களுக்கு இன்னொரு லாபம், காஞ்ச சீசன்ல வானம் வெறும் வெளிறிப் போயி புழுதியா இருக்கும், பிப்ரவரில மேகம் கட்டி நிக்கும்.

அப்படியே பக்கத்துல என்கொரொங்கொரோங்கிற பழைய எரிமலைப் பள்ளத்தையும் சேத்துக்கலாம். 600 மீட்டர் ஆழம், உள்ள 260 சதுர கிலோமீட்டர், கறுப்பு காண்டாமிருகம் இருக்கு, அங்க வருஷம் பூரா மிருகம் இருக்கும், சீசன் பெருசா பாக்க வேணாம். மேல விளிம்புல தங்கினா ராத்திரி குளிர் ஊட்டி ரேஞ்சுக்கு இருக்கும்.

மயிலை_கல்யாணி:

பாபு தம்பி, பிப்ரவரில எந்த ஸ்கூல்ல லீவு விடுறாங்க? உங்களுக்கு கல்யாணம் ஆகல, நீங்க பேசலாம் 😄

லென்ஸ்_பாபு:

ஏழாவதுக்கு ஒரு வாரம் லீவு போட்டா கலெக்டர் ஆகாமயா போயிடுவா அக்கா? சரி விடுங்க, பொங்கல் லீவோட முன்ன பின்ன சேத்துக்கோங்க, குட்டி போட ஆரம்பிச்சிருக்காது, ஆனா கூட்டம் அந்த பக்கம் வந்து சேந்திருக்கும், ஜனவரி பொதுவா மழை இல்லாம காஞ்சு தான் இருக்கும்.

குரோம்பேட்டை_சுந்தரம்:

ரகு சார் மே மாசம்னு கேட்டாரு, நீங்க ரெண்டு பேரும் அவர செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் இழுத்துட்டு போறீங்க. மே தான் வசதின்னா மே மாசமே போகலாம் சார், நாட்ட மாத்துங்க, அவ்வளவு தான் விஷயம்.

ஆப்பிரிக்கான்னா ஒரே வானிலை இல்ல. பூமத்திய ரேகை கிட்ட கென்யால மே மழை, தெக்க தென்னாப்பிரிக்கால அதே மே மாசம் மழை நின்னு குளிர்காலம் ஆரம்பிக்கிற நேரம். அங்க மழை அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் காஞ்சுட்டே போகும், செப்டம்பர்ல தான் உச்சம், மே மாசம் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும், ஆனா பாக்க முடியாத அளவுக்கு இல்ல. க்ரூகர் நேஷனல் பார்க் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், ஜோகன்னஸ்பர்க்ல இருந்து கார்ல அஞ்சு மணி நேரம். உள்ள தார் ரோடு, நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுறது, வாடகைக் கார எடுத்து நாமளே ஓட்டலாம். தார் ரோட்ல 50, மண் ரோட்ல 40 கிலோமீட்டர் தான் ஸ்பீடு, கண்டிப்பா புடிப்பாங்க. மே மாசம் கேம்ப் கேட்டு காலை 6 மணிக்கு திறந்து சாயந்திரம் 5:30க்கு மூடிடுவாங்க, லேட்டா வந்தா ஃபைன்.

க்ரூகருக்குள்ள ஸ்குகுசா கேம்ப்ல இருந்து லோயர் சாபி கேம்ப் போற ரோடு ஆத்த ஒட்டியே போகும், காலைல கேட்டு திறந்ததும் அதுல மெதுவா போங்க, சிறுத்தை மரத்து மேல படுத்திருக்கும், முன்னாடி நாலு கார் நிக்குதுன்னா அங்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். சிங்கத்துக்கு சடாரா கேம்ப் பக்கம். காட்டேஜ்ல அடுப்பு, ஃபிரிட்ஜ் இருக்கும், எங்க வீட்ல குக்கர் கொண்டு வந்துட்டாங்க, ராத்திரி ரசம் சாதம், வேலிக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலி கத்துது. சுகர் இருக்கிற அப்பாவுக்கு நேரத்துக்கு சாப்பாடுங்கிறது பெரிய விஷயம் சார்.

இன்னொரு முக்கியமான விஷயம், இத யாரும் சொல்லல. கென்யா போனா யெல்லோ ஃபீவர் (கொசுவால பரவுற ஒரு காய்ச்சல்) தடுப்பூசி போட்டே ஆகணும், சர்டிபிகேட் இல்லாம திரும்பி வந்தா சென்னை ஏர்போர்ட்ல ஆறு நாள் வரைக்கும் குவாரன்டைன்ல வெச்சுடுவாங்க. அந்த ஊசி 60 வயசுக்கு மேல முதல் தடவ போடுறவங்களுக்கு சைட் எஃபெக்ட் ரிஸ்க் கூடுதல், டாக்டர் பாத்து தான் முடிவு பண்ணுவாரு. உங்க அப்பாவுக்கு 68. தென்னாப்பிரிக்கா மட்டும் போறதா இருந்தா, அதுவும் துபாய் தோஹா வழியா போனா, இந்த ஊசியே தேவையில்ல. அடிஸ் அபாபா, நைரோபி வழியா டிக்கெட் சீப்பா கிடைக்கும், அப்ப டிரான்ஸிட் ரூல ஒரு தடவ படிச்சுட்டு போடுங்க.

மேடவாக்கம்_ரகு:

சுந்தரம் சார், அப்பா ஊசி விஷயம் எனக்கு தெரியவே தெரியாது, டிராவல்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லல. ரொம்ப தேங்க்ஸ். ரெண்டு கேள்வி. மலேரியா இருக்குமா அங்க? நாமளே ஓட்டுறதுன்னா யானை குறுக்க வந்தா என்ன பண்றது, எனக்கு ஓஎம்ஆர்ல ஓட்டின பழக்கம் தான் 😅 கைடு இல்லாம எதையாவது பாப்போமா?

குரோம்பேட்டை_சுந்தரம்:

ஓஎம்ஆர்ல ஓட்டுறவருக்கு யானை ஒரு பிரச்சனையே இல்ல.

தூரத்துல பாத்ததுமே நிறுத்துங்க, கிட்ட போகாதீங்க, ரிவர்ஸ் எடுக்க பின்னாடி இடம் இருக்கான்னு முதல்லயே பாத்துக்கோங்க, பின்னாடி கார் முட்டிட்டு நிக்கிற மாதிரி மாட்டிக்க கூடாது. காத விரிச்சு தலைய ஆட்டினா, குட்டி கூட இருந்தா, மெதுவா பின்னாடி வாங்க. கண்ணாடிய இறக்கி கை நீட்டுறது, கதவ திறந்து இறங்குறது கூடவே கூடாது. கைடு வேணும்னா கேம்ப்லயே காலைல, சாயந்திரம் பார்க்காரங்களே பெரிய திறந்த வண்டில கூட்டிட்டு போவாங்க, ஒரு சாயந்திரம் அதுல போங்க, இருட்டினப்புறம் நாம ஓட்ட முடியாது, அவங்க லைட் அடிச்சு காட்டுவாங்க.

மலேரியா இருக்கிற ஏரியா தான் சார். குளிர்காலத்துல குறையும், ஆனா மே மாசம் இன்னும் அந்த சீசனோட வால் தான், அதனால மாத்திரை பத்தி டாக்டர் கிட்ட கேளுங்க, அப்பா ஏற்கனவே சாப்பிடுற மாத்திரை லிஸ்ட்ட காட்டி கேளுங்க. அதுவே வேணாம்னு நினைச்சா பிலான்ஸ்பெர்க்னு ஒரு பார்க், மலேரியா இல்லாத ஏரியா, ஜோகன்னஸ்பர்க்ல இருந்து ரெண்டரை மணி நேரம் தான். க்ரூகர விட ரொம்ப சின்னது, ஆனா சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு.

பறவைப்பித்தன்:

எல்லாரும் மழை சீசன திட்டிட்டே இருக்கீங்களே, எங்க கட்சிக்காரங்க யாருமே இல்லையா? பறவை பாக்குறவங்களுக்கு நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தான் ஆப்பிரிக்கா. நம்ம பள்ளிக்கரணைக்கு வடக்க இருந்து வலசை வர்ற அதே நேரத்துல அங்கயும் ஐரோப்பால இருந்து வந்து இறங்கும், உள்ளூர் பறவையும் இனப்பெருக்கம்னு கலர் மாத்தி நிக்கும். அரையாண்டு லீவுல கென்யா போனா சின்ன மழை முடிஞ்சு எல்லாம் பச்சையா இருக்கும், என்ன, கிறிஸ்துமஸ் ரேட்டு கண்ணக் கட்டும். கென்யால ஆம்போசெலி பார்க்ல இருந்து கிளிமஞ்சாரோ மலைய தெளிவா பாக்க ஜனவரி பிப்ரவரி நல்லா இருக்கும், அதுவும் விடிகாலைல, ஒம்பது மணிக்கெல்லாம் மேகம் மூடிடும்.

ஜங்கிள்_ஜகன்:

பித்தன் அண்ணா சொல்றது சரி தான், ஆனா ரகு ப்ரோ பொண்ணு சிங்கம் கேக்குது, கொக்கு கேக்கல 😀

பின்னாடி யாராவது இத படிச்சுட்டு கென்யா போறதா இருந்தா சில விஷயம். யெல்லோ ஃபீவர் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்லயும் ராஜாஜி சாலை போர்ட் ஹெல்த் ஆபீஸ்லயும் போடுவாங்க, தினமும் போட மாட்டாங்க, எந்த நாள்னு கேட்டுட்டு பாஸ்போர்ட்டோட போங்க. போட்டு பத்து நாள் ஆனா தான் சர்டிபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். பிளாஸ்டிக் கவர் கென்யால 2017ல இருந்தே தடை, முறுக்கு, தட்டைய கேரி பேக்ல கட்டிட்டு போகாதீங்க, துணிப்பைல போடுங்க. கறுப்பு, கருநீல சட்டை வேணாம், செட்சி ஈ அந்த கலருக்குத் தான் வந்து கடிக்கும், ஜீன்ஸ் மேலயே கடிக்கும். அப்புறம் மாராவுல இருந்து செரங்கெட்டி பக்கத்துல தான இருக்கு, அப்படியே வண்டில தாண்டிடலாம்னு நினைக்காதீங்க, நடுவுல டூரிஸ்டுக்கு பார்டர் கிடையாது, சுத்திட்டு இசெபானியா பார்டர் வழியா போகணும், ஒரு நாள் போயிடும். ரெண்டுக்கும் தனித்தனி அனுமதி வேற, டான்சானியாவுக்கு விசா, கென்யாவுக்கு இப்ப விசாவுக்கு பதிலா ஆன்லைன்ல எடுக்கிற eTA.

மேடவாக்கம்_ரகு:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வீட்ல நேத்து ராத்திரி உக்காந்து பேசினோம். மே மாசம் தென்னாப்பிரிக்கா, க்ரூகர்ல நாலு ராத்திரி. அப்பாவுக்கு குக்கர் மேட்டர் ரொம்ப பிடிச்சு போச்சு. கல்யாணி மேடம் சொன்ன ஆறு தாண்டுற கதைய பொண்ணு கிட்ட படிச்சு காட்டினதுல இப்ப அவ அதுவும் வேணும்னு அடம், அது பிளஸ் டூ முடிச்சப்புறம்னு சொல்லி வெச்சிருக்கேன். டிராவல்ஸ் தம்பிக்கு போன் பண்ணி மே மாச கென்யா வேணாம்னு சொன்னேன், "அப்ப ஏப்ரல்ல வேற ஒரு ஆஃபர் இருக்கு சார்"ங்கறாரு.

சுந்தரம் சார், இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் எங்க எடுக்கணும்? விசாவுக்கு எத்தனை நாள் முன்னாடி போடணும்?

குரோம்பேட்டை_சுந்தரம்:

பர்மிட் உங்க லைசன்ஸ் எந்த ஆர்டிஓவோ அங்கயே, அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல அப்ளை பண்ணலாம், ஒரு வருஷம் செல்லும், அதனால ரொம்ப சீக்கிரமும் எடுக்காதீங்க. ஒரிஜினல் லைசன்ஸும் கூட இருக்கணும். விசாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பேப்பர ரெடி பண்ணுங்க, பொண்ணோட பர்த் சர்டிபிகேட் இங்கிலீஷ்ல, அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் இருக்கிறது ஒண்ணு கைல வெச்சுக்கோங்க. ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி கேம்ப் ரூம பாருங்க, ஸ்குகுசா, லோயர் சாபி ரெண்டும் மாசக்கணக்குல முன்னாடியே நிரம்பிடும், சவுத் ஆப்பிரிக்கா நேஷனல் பார்க்ஸ் சைட்ல நேரடியா போடலாம். ரூம் கிடைச்ச தேதிய வெச்சு ஃபிளைட் போடுங்க, திருப்பிப் போட்டா கஷ்டம்.